சொந்த வெப்சைட்டில் ரூம் விற்பது: விளம்பரத்துக்கு முன் எந்த ஓட்டையை அடைப்பது?

பதினாலு அறை | 06.05.2025, காலை

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையில் எங்கள் 14 அறை ஹோட்டல். வெப்சைட் போன வருடம்தான் புதிதாகச் செய்தது. பார்க்க ஆக்கள் வருகிறார்கள், ரூம் எடுப்பது மட்டும் புக்கிங் டொட் கொம்மிலும் அகோடாவிலும். பேஸ்புக் விளம்பரத்துக்கு மாதம் 40,000 ரூபா ஒதுக்கினால் நேரடி புக்கிங் கூடுமா? கூடாதென்றால் அந்தக் காசை எதில் போடுவது?

நெய்தல் | 06.05.2025, இரவு

பேஸ்புக்கை இப்போதைக்கு விடுங்கள். உங்கள் ஹோட்டலைத் தெரியாதவரைத் தேடிப் பிடிப்பதற்கு முன், பெயரைத் தெரிந்து தேடி வந்தவர் எங்கே கைநழுவுகிறார் என்று பாருங்கள். ஓடிஏயில் (புக்கிங் டொட் கொம், அகோடா போன்ற ரூம் விற்கும் தளங்கள்) படம் பார்த்து, பிடித்துப்போய், உங்கள் பெயரைக் கூகுளில் அடித்துப் பார்ப்பவர்கள் நிறைய. அவர்களைக் கொண்டுவர நீங்கள் ஒரு சதமும் செலவழிக்கவில்லை. அவர்களை இழப்பதுதான் பெரிய நட்டம்.

இன்றைக்கே செய்யக்கூடிய சோதனை இது. ஹோட்டல் வைபையை அணைத்துவிட்டு போனில் டேட்டா போடுங்கள். பிரவுசரில் பிரைவேட் பக்கம் ஒன்றைத் திறந்து உங்கள் ஹோட்டல் பெயரைத் தேடுங்கள். மேலே விளம்பரமாக நிற்பது யார்? அதற்குக் கீழே கூகுள் காட்டும் ஹோட்டல் பெட்டியில் திகதி போட்டால் விலைகள் வரிசையாக வரும். அதில் உங்கள் சொந்த வெப்சைட்டின் விலை இருக்கிறதா?

பெரும்பாலும் இருக்காது. 2021 மார்ச் தொடக்கம் கூகுள் அந்த இடத்தில் இலவச லிங்க் தருகிறது, க்ளிக்குக்கும் காசில்லை, புக்கிங்குக்கும் காசில்லை. ஆனால் விலையும் அறை இருப்பும் நேரடியாகக் கூகுளுக்குப் போகவேண்டும். அதை அனுப்புவது உங்கள் புக்கிங் என்ஜின், அதாவது வெப்சைட்டில் காலி அறையையும் விலையையும் காட்டி அங்கேயே புக்கிங்கை முடிக்கும் மென்பொருள். என்ஜின் விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கூகுள் ஹோட்டல் சென்டருடன் (ஹோட்டல் விலைகளைக் கூகுள் வாங்கும் இடம்) இணைப்பு இருக்கிறதா, எங்கள் ஹோட்டலுக்கு அது திறந்துவிடப்பட்டிருக்கிறதா? இருந்தும் திறக்காமல் கிடக்கும் இடங்கள் ஏராளம்.

வெப்சைட்டில் இருப்பது பெயர், திகதி, தொலைபேசி நிரப்பி அனுப்பும் படிவம் மட்டும் என்றால் அது புக்கிங் என்ஜின் இல்லை. உங்களுக்கு இரவு 11 மணியாக இருக்கும்போது டொரொன்டோவில் இருந்து படிவம் நிரப்பியவருக்கு நீங்கள் விடிந்து பதில் அனுப்பும்போது அவர் வேறு இடம் எடுத்து முடித்திருப்பார்.

நெய்தல் | 07.05.2025

நேற்று விட்டுப்போனது. கூகுள் மேப்பில் உங்கள் புள்ளி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் புள்ளி மரைன் டிரைவ் முனையில் விழுந்தால் பிக்மீ டாக்சிக்காரர் அங்கேதான் இறக்குவார், விருந்தாளி பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கவேண்டும். பிறகு அது விமர்சனத்தில் வரும். புள்ளியை வாசல் கேட்டின்மேல் வையுங்கள். பெயரும் முகவரியும் போன் இலக்கமும் வெப்சைட், கூகுள், ஓடிஏ மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதுகிறோம், கடைசியில் சிலர் ‘e’ போடுவார்கள், சிலர் ‘a’. முகவரியில் ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை வெப்சைட்டின் ‘வரும் வழி’ பக்கத்தில் ஒரு வரியில் சேர்த்தால் இரண்டு விதமாகத் தேடுபவருக்கும் அகப்படும்.

ஐந்தொகை | 08.05.2025

இணைப்பு வந்த பிறகு இடறுவது விலையில்தான். கொழும்பில் விலையை ‘பிளஸ் பிளஸ்’ என்று எழுதும் பழக்கம் உண்டு. 100 டொலர் ரூம், 10 சதவீதச் சேவைக் கட்டணத்தோடு 110. அதன்மேல் வற் (பெறுமதி சேர் வரி) 18 சதவீதம் என்றால் 129.80. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரியையும் சுற்றுலா அபிவிருத்தி வரியையும் இன்னும் சேர்க்கவில்லை. வெப்சைட் முகப்பில் 100 என்று பார்த்தவர் கடைசிப் பக்கத்தில் 130க்கு மேல் பார்த்தால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார், அந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஓடிஏக்குத் திரும்பிப் போவார். அங்கே மொத்தமாக ஒரே தொகை.

ஆகவே முதல் பக்கத்திலேயே எல்லாம் சேர்ந்த மொத்த விலையைக் காட்டுங்கள். கூகுளும் அதைத்தான் ஒப்பிடுகிறது. அதற்கு அனுப்பிய விலையும் கட்டணப் பக்கத்தில் நிற்கும் விலையும் அடிக்கடி மாறுபட்டால் உங்கள் லிங்க் கீழே போகும், அல்லது அறவே நீக்கப்படும்.

இன்னொன்று. வற் பதிவு இல்லாத சிறிய ஹோட்டல் வற் என்று ஒரு வரி போட்டு அறவிடக் கூடாது. என்ஜின் அமைத்துத் தந்தவர் பெரிய ஹோட்டலின் அமைப்பை அப்படியே பிரதி எடுத்து வைத்திருந்தால் அந்த வரி உங்கள் பக்கத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். போய்ப் பாருங்கள்.

பதினாலு அறை | 08.05.2025, இரவு

பார்த்தேன். இருக்கிறது. எங்களுக்கு வற் பதிவு இல்லை.

நெய்தல் | 09.05.2025

அப்படியென்றால் இவ்வளவு காலமும் உங்கள் சொந்த வெப்சைட்தான் ஊரிலேயே விலை கூடிய கடை. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே அந்த வரியோடு காசு கட்டியவர்கள் இருந்தால், அதை எப்படிச் சரிசெய்வது என்று கணக்காளரிடம் கேளுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முன்மேசை | 10.05.2025

ஒருவரும் தொடாத விஷயம் ஒன்று. நம் ஊரில் ‘ஹோட்டல்’ என்றால் பாதிப் பேருக்குச் சாப்பாட்டுக் கடை. சைவ ஹோட்டல், கொத்து ரொட்டி ஹோட்டல் எல்லாம் காலி வீதி நெடுகவும் இருக்கின்றன. மேப்பில் வெள்ளவத்தை ஹோட்டல் என்று தேடுபவர் இடியப்பம் தேடுகிறாரா, கட்டில் தேடுகிறாரா என்று சொல்வது கடினம். ஆகவே வெப்சைட்டின் தலைப்பில் வெறும் ‘ஹோட்டல்’ போதாது. உள்ளூர் ஆக்கள் தேடும் சொல் ‘ரூம்ஸ்’. குடும்பத்தோடு வருபவர்கள் ‘அப்பார்ட்மென்ட்’, ‘அனெக்ஸ்’ என்று தேடுவார்கள். அவர்கள் நோக்கத்தைச் சொல்லித் தேடுவதும் உண்டு: கல்யாண மண்டபத்துக்குக் கிட்ட, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, யாழ்ப்பாண பஸ் எடுக்கும் இடத்துக்குக் கிட்ட. இவை ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் எழுதுங்கள். நடை எத்தனை நிமிடம், இரவு பஸ்ஸுக்குப் புறப்படும்வரை பெட்டியை வைக்கலாமா, அறையை விட்ட பிறகு குளிக்க இடம் உண்டா என்பதெல்லாம் அதில் வரட்டும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து வேகப் பாதையால் வந்து நகருக்குள் இறங்கினால் எவ்வளவு நேரம், காலையில் எவ்வளவு, மாலை நெரிசலில் எவ்வளவு என்று எழுதினால் ஓடிஏ பக்கத்தில் கிடைக்காத தகவல் உங்களிடம் மட்டும் இருக்கும்.

நெய்தல் | 10.05.2025

இது சரி, நான் இதை முதலில் சொல்லியிருக்கவேண்டும். தமிழில் ஒரு பக்கமும் போடுங்கள். இயந்திரத்தால் மொழிபெயர்த்த தமிழ் வேண்டாம். அறை இருப்பை ‘கிடைக்கும் தன்மை’ என்றெல்லாம் எழுதிய பக்கத்தை அம்மாவும் படிக்கமாட்டார், மகளும் படிக்கமாட்டாள்.

நெய்தல் | 12.05.2025

காசு கட்டும் இடம். மற்ற எல்லாவற்றையும் விட இதில்தான் அதிகம் உடைகிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

வெளிநாட்டு என்ஜின்கள் பல ஸ்ட்ரைப் என்ற கார்ட் கட்டணச் சேவையோடு இணைந்து வருகின்றன. ஸ்ட்ரைப் இலங்கையில் பதிந்த வணிகத்துக்குக் கணக்குத் தருவதில்லை. என்ஜினுக்கு ஒரு வருடக் காசு கட்டிய பிறகு இதை அறிந்தவர்கள் உண்டு. முதலில் பேஹியர், வெப்எக்ஸ்பே போன்ற உள்ளூர்க் கட்டணச் சேவைகளோ உங்கள் வங்கியின் ஐபிஜியோ (இணையத்தில் கார்ட் காசு வாங்கும் வசதி) அந்த என்ஜினில் நேரடியாக வேலை செய்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். ‘செய்யலாம்’ என்ற பதில் போதாது. செய்துகொண்டிருக்கும் ஒரு ஹோட்டலின் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

வங்கியிடம் கேட்கவேண்டியவை: டொலரில் அறவிட முடியுமா, அல்லது டொலரில் காட்டி ரூபாவில் அறவிடுமா? ரூபாவில் அறவிட்டால் எந்த நாள் மாற்று வீதம்? திருப்பிக் கொடுக்கும்போது எந்த வீதம்? முன்பணம் 60 டொலர் வாங்கி, ரத்தானபோது ரூபாவில் திருப்பினால் விருந்தாளிக்கு 58 போய்ச் சேரலாம். அந்த 2 டொலருக்காக வரும் கோபம் 2 டொலர் அளவில் இருக்காது. கட்டணப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.

அடுத்தது ஓடிபி. லண்டன் கார்ட் வைத்திருப்பவர் ஏற்கெனவே கொழும்பில் இறங்கி உள்ளூர் சிம் போட்டிருந்தால் அவருடைய வங்கி அனுப்பும் இலக்கம் பழைய சிம்முக்குப் போகும். கட்டணம் தோற்கும். பல என்ஜின்கள் அப்போது வெறும் பிழைச் செய்தியைக் காட்டிவிட்டு முதல் பக்கத்துக்குத் தள்ளுகின்றன, திகதி, பெயர் எல்லாம் அழிந்துவிடும். உங்களுடையது என்ன செய்கிறது என்று வேண்டுமென்றே ஓடிபியைப் பிழையாக அடித்துப் பாருங்கள். தோற்ற இடத்திலேயே ‘மீண்டும் முயல்க’ பட்டனும் வாட்ஸ்அப் பட்டனும் இருக்கவேண்டும்.

முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்காதீர்கள். ஓடிஏயில் இலவச ரத்து, வந்து கட்டலாம். உங்களிடம் மூன்று இரவுக்கும் இப்போதே கட்டவேண்டும் என்றால் விலை குறைவாக இருந்தும் ஆள் போய்விடும். ஒரு இரவு முன்பணம், வருகைக்கு 3 நாள் முன்வரை ரத்து செய்தால் முழுதும் திரும்பும் என்பது நடைமுறைக்குச் சரிவரும். டிசம்பர் கடைசி வாரத்துக்கு மட்டும் இறுக்கலாம்.

கார்ட்டின் இரு பக்கமும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வதை நிறுத்துங்கள். வரவேற்பு மேசை போனில் அந்தப் படங்கள் கிடப்பது விருந்தாளிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. வங்கியிடம் பேலிங்க் வசதி கேளுங்கள், விருந்தாளி அந்த லிங்க்கைத் திறந்து தானே கார்ட் விவரம் போட்டுக் கட்டுவார்.

முன்மேசை | 13.05.2025

யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பில் இருந்து விசாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருபவர்கள் கார்ட் போடமாட்டார்கள். அவர்களுக்குப் போன், வாட்ஸ்அப், வங்கிக்குக் காசு. அதுவும் நேரடி புக்கிங்தான், குறைவாக நினைக்கவேண்டாம். ஆனால் இரண்டு இடத்தில் பிசகும்.

ஒன்று, வாட்ஸ்அப்பில் ‘சரி, வாங்கோ’ என்று சொன்ன ரூம் சனல் மனேஜரில் (எல்லாத் தளங்களுக்கும் அறை இருப்பை ஒரே இடத்தில் இருந்து அனுப்பும் மென்பொருள்) திறந்தே கிடக்கும். பத்து நிமிடத்தில் அகோடாவில் விற்றுப்போகும். ‘சரி’ என்று அனுப்புவதற்கு முன் ரூமைப் பூட்டவேண்டும், 2 மணி நேரம் பிடித்து வைத்து, காசு வராவிட்டால் திறக்கவேண்டும். இரண்டாவது, பற்றுச்சீட்டுப் படம். படத்தை யாரும் திருத்தலாம். உங்கள் கணக்கில் காசு விழுந்ததா என்பதை மட்டும் பாருங்கள்.

வாட்ஸ்அப் லிங்க் வேலை செய்கிறதா என்றும் சோதியுங்கள். இலக்கத்தை 94இல் தொடங்கி, முன்னால் கூட்டல் குறியும் நடுவில் 0வும் இல்லாமல் எழுதவேண்டும். 0 இருந்தால் உள்ளூரில் இருந்து அழுத்துபவருக்கும் ‘இலக்கம் இல்லை’ என்றுதான் வரும்.

நெய்தல் | 15.05.2025

அளக்காமல் எதையும் மாற்றவேண்டாம். வெப்சைட் ஒரு டொமைனில், என்ஜின் இன்னொரு டொமைனில், கட்டணம் மூன்றாவதில். இடையில் இணைப்புச் செய்யாவிட்டால் வருகையை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸ் ஒரே ஆளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆளாக எண்ணும், புக்கிங் எல்லாம் வங்கியின் டொமைனில் இருந்து வந்ததாகக் காட்டும். அனலிட்டிக்ஸின் டேட்டா ஸ்ட்ரீம் அமைப்பில் டொமைன்கள் பட்டியலுக்கு வெப்சைட்டையும் என்ஜினையும் சேர்க்கவேண்டும். வங்கியின் டொமைனை ‘வேண்டாத ரெஃபரல்’ (ஆளை அனுப்பிய இடமாக எண்ணக்கூடாதவை) பட்டியலில் போடவேண்டும். பிறகு முழுச் சோதனை புக்கிங் ஒன்று செய்து ‘பேர்ச்சஸ்’ நிகழ்வு தொகையோடும் புக்கிங் இலக்கத்தோடும் விழுகிறதா என்று பாருங்கள். இலக்கம் போகாவிட்டால் விருந்தாளி உறுதிப் பக்கத்தை மீண்டும் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொரு விற்பனையாக எண்ணுப்பட வாய்ப்புண்டு.

கூகுள் ஹோட்டல் பக்கத்தில் உள்ள வெப்சைட் லிங்க்கின் கடைசியிலும் எங்கிருந்து வந்தது என்று காட்டும் அடையாளம் (யூடிஎம்) ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மேப்பில் இருந்து வருபவரும் சாதாரணத் தேடலில் வருபவரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள்.

நெய்தல் | 18.05.2025

விளம்பரம் வேண்டாம் என்றேன். அதில் ஒரு திருத்தம். உங்கள் சொந்தப் பெயருக்கான கூகுள் விளம்பரம் வேண்டும். சாவிச்சொல்லாக உங்கள் பெயரை ஓடிஏ வாங்குவதைக் கூகுள் தடுக்காது. அங்கே நீங்கள் நிற்காவிட்டால் அவர்கள் நிற்பார்கள். பெயர் மட்டும், எக்ஸாக்ட் மேட்ச், அதாவது அந்தப் பெயரையே தேடுபவருக்கு மட்டும். எழுத்துப் பிழையோடு எழுதும் இரண்டு வடிவங்களையும் சேருங்கள். வேலை தேடுபவர்களை விலக்க ‘வேக்கன்சி’, ‘ஜொப்’ போன்ற சொற்களை விலக்குச் சொல் பட்டியலில் (இவற்றோடு தேடினால் விளம்பரம் வராது) போடுங்கள். உங்கள் பெயரில் வேறு ஊரில் ஒரு ஹோட்டல் இருந்தால் அந்த ஊர்ப் பெயரையும் போடுங்கள். விளம்பரத்தில் ஓடிஏ சொல்லமுடியாததைச் சொல்லுங்கள்: நேரடியாக எடுத்தால் காலை 8 மணிக்கே அறை, அறை காலியாக இருந்தால்.

ஐந்தொகை | 19.05.2025

எண்ணில் பார்ப்போம். ரூம் 60 டொலர், 3 இரவு, 180. ஜீனியஸ் கழிவு (புக்கிங் டொட் கொம்மில் லொகின் செய்தவருக்கு) 10 சதவீதம், 162. கொமிஷன் 15 சதவீதம் என்றால் 24.30 போக, கையில் 137.70. போனில் பார்ப்பவருக்கான போன் விலைக் கழிவு 10 சதவீதமும் திறந்திருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்: 145.80, கொமிஷன் 21.87, கையில் 123.93.

நேரடியாக அதே 162க்கு விற்றால், கார்ட் கட்டணம் 3.5 சதவீதம் என்று வைத்து 5.67 கழித்து 156.33. நன்றாகத்தான் இருக்கிறது. இங்கேயே நிறுத்திக்கொள்பவர்கள்தான் பிழை விடுகிறார்கள். என்ஜினுக்கு மாதம் 60 டொலர், மாதம் 20 நேரடி புக்கிங் என்றால் ஒன்றுக்கு 3. க்ளிக் 30 சதம், 100 க்ளிக்குக்கு 2 புக்கிங் என்றால் ஒரு புக்கிங்குக்கு விளம்பரம் 15. மிச்சம் 138.33. ஓடிஏ தருவதைவிட 63 சதம் கூட. அவ்வளவு பாடுபட்டும் 63 சதம்.

100க்கு 1 என்று விழுந்தால் 123.33, இரண்டு கழிவும் திறந்த ஓடிஏயைவிடக் குறைவு. உங்கள் பெயரைத் தேடி வருபவரில் 100க்கு 10 பேர் எடுத்தால் விளம்பரம் 3 டொலர்தான், மிச்சம் 150.33. ஆகவே பெயருக்கு விளம்பரம் சரி. ‘கொழும்பு ஹோட்டல்’ போன்ற பொதுச் சொல்லுக்கு 14 அறை ஹோட்டல் காசு கொட்டக் கூடாது. க்ளிக் விலையும் விகிதமும் நான் வைத்துப் பார்த்தவை. உங்கள் அனலிட்டிக்ஸில் இருந்து உங்கள் எண்ணைப் போட்டு அதே கணக்கைச் செய்யுங்கள்.

பதினாலு அறை | 21.05.2025

அப்படியென்றால் வெப்சைட்டில் ஓடிஏயைவிடக் குறைத்துப் போடலாமா?

நெய்தல் | 22.05.2025

ஒப்பந்தத்தைப் படியுங்கள். 2024இல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் புக்கிங் டொட் கொம் சம விலை நிபந்தனையை (தன்னிடம் உள்ளதைவிடக் குறைவாக வேறெங்கும் விற்கக் கூடாது என்பது) கைவிட்டது. அது அங்கே. உங்கள் ஒப்பந்தத்தில் அந்தப் பிரிவு இருந்தால் பொதுவில் தெரியும் விலையைக் குறைப்பது பிரச்சினை தரும். வழி வேறு: விலை அதேயாக இருக்க, கூடுதலாகக் கொடுங்கள். அதிகாலையில் கட்டுநாயக்காவில் இறங்குபவருக்குப் பகல் 2 மணிவரை காத்திருப்பது பெரிய வேதனை. முதல் நாள் இரவு ரூம் விற்கவில்லை என்றால் காலையில் திறந்து கொடுப்பதில் உங்களுக்கு நட்டம் குறைவு, அவருக்கு அது 10 டொலர் கழிவைவிடப் பெரிது. இரவு பஸ்ஸுக்குப் போகிறவருக்கு மாலைவரை பெட்டி வைக்க இடமும் குளியலும். பழைய விருந்தாளிக்கு வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்பும் சலுகைக் குறியீட்டைப் போட்டால் மட்டும் தெரியும் விலை பொது விலை இல்லை. ஆனாலும் ஒப்பந்த வாசகத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

ஜீனியஸ் கழிவைக் கணக்கில் எடுக்க மறக்கவேண்டாம். நீங்கள் ‘சம விலை’ என்று 180 வைத்திருப்பீர்கள், லொகின் செய்தவருக்கு அங்கே 162 தெரியும். போனில் பார்த்தால் இன்னும் குறையும். லொகின் செய்த ஒரு போனில் உங்கள் சொந்த ஹோட்டலைக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள். போன் விலைக் கழிவைத் திறந்துவிட்டு மறந்தவர்கள்தான் அதிகம்.

முன்மேசை | 25.05.2025

படம். முகப்புப் படம் 6 எம்பியில் கிடந்தால் ரோமிங்கில் பார்ப்பவருக்கு வெள்ளைத் திரைதான். வெப்பி (WebP) வடிவில் 200 கேபிக்குள் கொண்டுவாருங்கள். பெரிய படம் தெரிய 2.5 செக்கனுக்குமேல் எடுக்கக் கூடாது என்பது கூகுளின் அளவு. முகப்புப் படத்துக்கு மட்டும் லேசி லோடிங் (படத்தைப் பிந்தி இறக்கும் முறை) போடாதீர்கள். எந்த அறைக்கு எந்தப் படம் என்று பிரித்துப் போடுங்கள். குளியலறை, லிப்ட், ஜன்னலால் தெரியும் காட்சி மூன்றும் கட்டாயம். கடல் தெரியாத அறைக்குக் கடல் படம் போடவே கூடாது. கரையோர ரயில் சத்தம் கேட்கும் அறை என்றால் அதையும் எழுதுங்கள். எழுதியதைப் பார்த்து எடுத்தவர் முறைப்பாடு செய்வது அரிது.

நெய்தல் | 29.05.2025

ஓடிஏ வழி வந்தவரின் மின்னஞ்சல் முகமூடி போட்டது, அதாவது ஓடிஏ தரும் தற்காலிக முகவரி, அவர் போன பிறகு அதற்கு எழுதிப் பயனில்லை. வரவேற்பு மேசையில் பதிவுத் தாளில் சொந்த மின்னஞ்சலும் வாட்ஸ்அப் இலக்கமும் கேளுங்கள், ‘சலுகைச் செய்தி அனுப்பலாமா’ என்று தனியான பெட்டி ஒன்று வையுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். அனுப்புவது வருடத்துக்கு இரண்டு தடவை போதும்: யூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் டிக்கெட் போடும் காலத்தில் ஒன்று, டிசம்பருக்கு முன் ஒன்று. பொங்கல், தீபாவளி வாழ்த்துப் படங்களை அனுப்பினால் அடுத்த உண்மையான செய்தியையும் திறக்கமாட்டார்கள்.

பதினாலு அறை | 02.06.2025

வற் வரி எடுத்தாயிற்று, கூகுளில் எங்கள் விலை வருகிறது, பெயர் விளம்பரம் ஓடுகிறது. புக்கிங் வரத் தொடங்கியிருக்கிறது, எல்லாம் தம்பதிகள். கனடா, லண்டன் குடும்பம் ஒன்றும் வெப்சைட்டால் எடுக்கவில்லை. அவர்கள் ஓடிஏயால் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

நெய்தல் | 02.06.2025

உங்கள் என்ஜினில் 3 பெரியவர், 2 பிள்ளைகள் என்று போட்டு யூலை 20க்குத் தேடிப் பாருங்கள்.

பதினாலு அறை | 02.06.2025, இரவு

‘அறைகள் இல்லை’ என்று வருகிறது. அன்றைக்கு 9 ரூம் காலி.

நெய்தல் | 03.06.2025

எல்லா ரூம் வகையிலும் அதிகபட்சம் 2 பேர் என்று போட்டிருப்பார்கள். ஓடிஏ பக்கத்தில் யாரோ சரியாக அமைத்திருக்கிறார்கள், என்ஜினில் விட்டுவிட்டார்கள். மேலதிகக் கட்டில் எத்தனை, எந்த வயதுவரை பிள்ளைக்குக் காசில்லை, அடுத்தடுத்த இரண்டு ரூமை ஒன்றாகக் கொடுக்கமுடியுமா என்று மூன்றையும் ஒவ்வொரு ரூம் வகைக்கும் தனித்தனியாக நிரப்புங்கள். ஒரே தேடலில் இரண்டு ரூம் சேர்த்துக் காட்டும் வசதி என்ஜினில் அணைந்திருக்கும், அதைத் திறக்கச் சொல்லுங்கள். இரண்டு ரூமுக்கும் நடுவில் கதவு இருந்தால் ‘குடும்ப அறை’ என்று புதிய வகை ஒன்று உருவாக்குங்கள். ஆனால் அது அந்த இரண்டு ரூமின் இருப்போடு இணைந்திருக்கவேண்டும், தனி இருப்பாக விட்டால் ஒரே கட்டிலை இரண்டு பேருக்கு விற்றுவிடுவீர்கள். செய்துவிட்டு அதே தேடலைக் கூகுள் பெட்டியிலும் 5 பேர் போட்டுப் பாருங்கள், அங்கே மாற்றம் தெரிய ஓரிரு நாள் எடுக்கலாம்.